சொந்த மாயாவி நமக்கு ஏன் இல்லை?

கூர்மண்டை ஸ்பைடரை மறக்காத தமிழ் வாசகர்கள் இன்றும் ஏராளம். திருட்டு உலகத்துக்கே சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பி, பிறகு மனம் மாறித் திருடர்களையே வேட்டையாடிய அந்த விசித்திர நாயகனின் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1938இல் அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு கையெழுத்துக்காக அவர்கள் வாழ்நாள் முழுக்க வருந்தினார்கள். அறுபதுகளின் நடுவில், உரிமையைத் திரும்பக் கேட்டு, சூப்பர்மேனை வெளியிட்ட டி.சி. நிறுவனத்தோடு மோதிய சீகலுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. அப்போதுதான் லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் 'லயன்' வார இதழுக்கு ஸ்பைடர் கதைகளை எழுதினார். ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து அந்தக் கதைகள் சிவகாசியில் தமிழாகி, கடைகளில் தொங்கின. சூப்பர்மேனின் தகப்பன் எழுதிய கதையைத்தான் படிக்கிறோம் என்று திருப்பதிப் பக்கத்துப் புத்தூரிலோ நகரியிலோ எந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்காது. தெரிய வழியும் இல்லை. எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் போடும் வழக்கம் அந்த லண்டன் மூலத்திலேயே கிடையாது.

தமிழில் நமக்கென்று ஒரு சூப்பர் ஹீரோ நிலைக்காமல் போனதற்குக் கற்பனைப் பஞ்சம்தான் காரணம் என்று பலர் சொல்லிக் கேட்கிறோம். இது சோம்பேறித்தனமான பதில். காரணத்தைக் கணக்குப் புத்தகத்திலும் ஒப்பந்தத் தாளிலும் தேட வேண்டும் என்பது என் கட்சி. நம் பதிப்புலகம் நாயகர்களைக் கடன் வாங்குவதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. நாயகர்களை உருவாக்கக்கூடியவர்களுக்குப் பெயரையும் பங்கையும் தரும் பழக்கத்தை மட்டும் வளர்த்துக்கொள்ளவில்லை.

கடன் வாங்கிய கதையை முதலில் பார்ப்போம், அது கேவலமான கதை இல்லை. 1972இல் சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்தார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆய்வுக்கூடத்தில் ஒரு கையை இழந்து, அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டெல், மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுக்க மறைந்துபோவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பார்சிலோனா ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ கறுப்பு வெள்ளையில் வரைந்த அந்த ஒற்றைக் கை, 1962 முதல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் வந்தது. அங்கே பல தொடர்களில் அதுவும் ஒன்று. இங்கே அவன் ஒரு தலைமுறைக்கே வீட்டுப்பிள்ளை. 1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அதில் குடியேறினார்கள். ஆர்ச்சிக்குச் 'சட்டித்தலையன்' என்று பெயர் சூட்டியது தமிழ். அந்தப் பெயரில் இருக்கும் குறும்பு ஆங்கில மூலத்தில் இல்லை. அதே 1984இல் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது, 2005 வரை நடந்தது. மூலத்தில் இருந்த வறட்டு வசனத்தைப் பேச்சுத் தமிழின் சூட்டோடு மாற்றிக் கொடுத்த மொழிபெயர்ப்பாளர்களை நாம் இன்னும் முறையாகப் பாராட்டவில்லை. அதைத் தனியாக ஒருவர் எழுத வேண்டும்.

கடன் வாங்கியது ஏன் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அறுபது எழுபது பக்கப் படக்கதையைப் புதிதாக வரையச் சொன்னால், நல்ல ஓவியர் ஒருவருக்கே பல மாத வேலை. கதை எழுதுபவருக்கும் எழுத்து வரைபவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வெளிவந்து, போட்ட முதலை எடுத்துவிட்ட வெளிநாட்டுத் தொடரின் மறுபதிப்பு உரிமையோ அதில் ஒரு சிறு பங்குதான். மொழிபெயர்த்து, வசனக் கூட்டில் தமிழை நிரப்பினால் அச்சுக்குப் போய்விடலாம். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அடித்துப் பழகிய சிவகாசி அச்சகங்களுக்கு மற்றது கைவந்த வேலை. சில்லறைக் காசுக்கு விற்கும் புத்தகத்துக்கு இதைவிட நியாயமான கணக்கு இல்லை. அந்தப் பதிப்பாளர்களைக் குறை சொல்வது என் நோக்கமும் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் படக்கதை படிக்கும் பழக்கமே இங்கே ஒட்டியிருக்காது.

ஆனால் கடன் நாயகனின் தலையெழுத்து நம் கையில் இருப்பதில்லை. மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் ஃப்ளீட்வேயிலிருந்து ஐ.பி.சி. என்ற பெரும் நிறுவனத்துக்குப் போனார்கள். அது டைம் வார்னர் குடும்பத்தில் சேர்ந்தபின், 2005இல் டி.சி.யின் கிளை நிறுவனம் 'ஆல்பியன்' என்ற தொடரில் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆக, சீகல் எழுதிய ஸ்பைடர், சீகலைக் கைவிட்ட நிறுவனத்தின் கூரைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தான். விதி சில சமயம் ரொம்பவும் கூச்சமில்லாமல் எழுதுகிறது. கடைசியில் 2018இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெலியன் நிறுவனம் அந்தப் பழைய களஞ்சியத்தை வாங்கியது. இந்தக் கைமாற்றம் எதிலும் தமிழ் வாசகனுக்கோ தமிழ்ப் பதிப்பாளருக்கோ ஒரு வார்த்தை சொல்ல உரிமை இல்லை. மாயாவியை உலகத்தில் வேறெங்கும்விட அதிகமாக நேசித்த ஊர்கள் நம்முடையவையாக இருக்கலாம். அவனை வைத்து ஒரு படம் எடுக்கவோ, ஒரு பொம்மை செய்து திருப்பதி பஜாரில் விற்கவோ நமக்கு அதிகாரம் கிடையாது.

சொந்த நாயகன் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மார்வெல் சாட்சி. 1939இல் மார்ட்டின் குட்மேன் தொடங்கிய அந்த நிறுவனம் 1996 டிசம்பரில் திவால் மனு போட்டது. சேகரிப்பு அட்டை வியாபாரம் சரிந்து, காமிக்ஸ் விற்பனை படுத்து, கடன் கழுத்தை நெரித்தபோது அதனிடம் மிஞ்சியது கதாபாத்திரங்கள் மட்டும்தான். சிலந்தி மனிதனின் பட உரிமையை சோனிக்கு விற்று மூச்சுவிட்டது. 2005இல் தன் நாயகர்கள் சிலரின் பட உரிமையையே அடகு வைத்து 52 கோடி 50 லட்சம் டாலர் கடன் ஏற்பாடு செய்துகொண்டு, தானே படமெடுக்க இறங்கியது. 2008இல் 'அயர்ன் மேன்' வந்தது. 2009இல் டிஸ்னி ஏறக்குறைய 400 கோடி டாலருக்கு வாங்கியது. கட்டடமும் இயந்திரமும் விலை போகாத நிறுவனத்தைக் காகிதத்தில் பிறந்த மனிதர்கள் தூக்கி நிறுத்தினார்கள்.

இப்போது கற்பனைப் பஞ்சம் என்ற வாதத்துக்கு வருவோம். அதற்கு மறுப்பு நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. 1947 ஜூலையில் மதராஸிலிருந்து 'சந்தமாமா' தெலுங்கிலும் 'அம்புலிமாமா' தமிழிலும் வந்தன. தொடங்கியவர்கள் கடப்பை மாவட்டத்துக்காரரான பி. நாகி ரெட்டியும் தெனாலிப் பக்கத்துச் சக்ரபாணியும். திருப்பதியும் சித்தூரும் அப்போது மதராஸ் மாகாணத்தில்தான் இருந்தன. 1953 அக்டோபரில்தான் ஆந்திரத்தோடு போயின. எல்லைக்கோடு போட்ட பிறகும் இந்தப் பகுதி வீடுகளுக்கு அந்த இதழ் இரட்டைப் பிறவியாகவே இருந்தது. ஒரே படம், ஒரே கதை, மொழி மட்டும் வேறு. பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழும் புழங்கும் பிள்ளைக்கு எந்தப் பிரதி கையில் கிடைத்தாலும் கதை பிடிபடும். அதில் வந்த விக்கிரமாதித்தன்–வேதாளம் தொடரைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சம்ஸ்கிருத மூலத்தில் வேதாளக் கதைகள் 25தான். அம்புலிமாமாவில் அவை எப்போதோ தீர்ந்துபோயின. இதழ் நிற்கவில்லை. மன்னன் மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போடுவான், வேதாளம் கதை சொல்லும், கடைசியில் ஒரு சிக்கலான கேள்வி, அவன் வாய் திறப்பான், வேதாளம் மறுபடி மரமேறும். இந்தச் சட்டம் மாறாது. உள்ளே புதுப்புதுக் கதை, வெவ்வேறு எழுத்தாளர் கை, மாதா மாதம், பத்தாண்டுக் கணக்கில். மாறாத நாயகன், மாறாத வாசல், தீராத கதை: உலகின் எல்லா சூப்பர் ஹீரோ பதிப்பகங்களும் பிழைத்தது இந்தச் சூத்திரத்தில்தான். வடபழனியில் அது மார்வெலின் 'ஃபன்டாஸ்டிக் ஃபோர்' பிறந்த 1961க்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

உருவமும் நமக்கு இருந்தது. உருவிய வாள் ஒரு கையில், தோளில் தொங்கும் பிணம், காலடியில் மண்டையோடுகள், பின்னால் முறுக்கிய மரம், ஆனால் மன்னன் முகத்தில் பயத்தின் சாயலே கிடையாது. அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன், ஐம்பதுகளில் சேர்ந்து இதழின் கடைசிக் காலம்வரை அங்கேயே வரைந்தவர். அவர் 2020 செப்டம்பரில் காலமானார். பத்மஸ்ரீ அதற்கு அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஓவியர்களின் கையெழுத்தாவது படத்தின் மூலையில் இருந்தது. எழுதியவர்களுக்கு அதுவும் இல்லை. தெலுங்கின் பெரிய எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவ் 1952 முதல் 1980இல் இறக்கும்வரை இதழை உண்மையில் நடத்தியவர்; ஆசிரியர் என்று நெடுங்காலம் அச்சானது சக்ரபாணியின் பெயர். இரண்டு மொழிப் பிள்ளைகளையும் நகம் கடிக்கவைத்த தொடர்களை எழுதிய தாசரி சுப்ரமணியத்தின் பெயர் அவர் எழுதிய பக்கங்களில் வரவே இல்லை. கூட்டுழைப்பில் பிறந்த இதழில் தனிப்பெயர் எதற்கு என்பது அன்றைய நினைப்பு. அதில் ஒரு கண்ணியம் இருந்தது என்றுகூட வாதிடலாம். விளைவு என்ன? இதழ் 1998இல் நின்றது, ஓராண்டில் மீண்டது, 2007இல் மும்பை மென்பொருள் நிறுவனமான ஜியோடெசிக் கைக்குப் போனது, அந்த நிறுவனம் சரிந்தபோது அம்புலிமாமாவும் சேர்ந்து அடங்கியது. விக்கிரமாதித்தனைத் தூக்கிக்கொண்டு வேறொரு இடத்தில் தொடர உரிமையுள்ள ஓர் எழுத்தாளரோ ஓவியரோ வெளியே இல்லை.

சாமியும் சினிமாவும் இருக்கிற ஊரில் சூப்பர் ஹீரோவுக்கு என்ன வேலை என்று ஒரு கேள்வி வரும். குறிப்பாகத் திருப்பதியில் இருந்துகொண்டு இதை எழுதினால் வராமல் இருக்காது. புராணம் அந்த இடத்தை அடைத்துவிட்டது என்கிறார்கள். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. பக்கத்துக் காளஹஸ்தியில் மூங்கில் பேனாவால் வரையும் கலம்காரித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பெரிய சதுரம், சுற்றிலும் வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் ராமாயணம் நகரும், கீழே தெலுங்கில் விளக்கம். படக்கதையின் இலக்கணம் இதைத் தவிர வேறென்ன? புராணம் பழக்கிவிட்ட கண்ணுக்குக் காமிக்ஸ் அந்நியமே இல்லை. டெல்லியின் ராஜ் காமிக்ஸ் 1986இல் பாம்புகளின் சக்தி கொண்ட நாகராஜை இறக்கியபோது, நாக வழிபாடு உள்ள நாடு அவனை அன்னியனாகப் பார்க்கவில்லை. 2024இல் தெலுங்கின் 'ஹனு-மான்' படம் அனுமன் பக்தியையும் சூப்பர் ஹீரோவையும் ஒரே தட்டில் பரிமாறி ஓடியது. சினிமா நட்சத்திரம் போதும் என்பவர்களுக்கும் இதே பதில்தான். நட்சத்திரத்துக்கு வயதாகும், 1962இல் பள்ளி மாணவனாகப் பிறந்த சிலந்தி மனிதனுக்கு ஆகாது.

சந்தை சிறியது என்ற வாதம் இதைவிடக் கனமானது. உண்மைதான், இந்திக்கு இருக்கும் பரப்பு தமிழுக்கு இல்லை. ஆனால் மலையாளத்துக்கு நம்மைவிடவும் சிறிய பரப்பு. லயன் காமிக்ஸ் பிறந்த அதே 1984இல் 'பாலரமா' இதழில் என். சோமசேகரன் எழுத, பிரதீப் சாட்டே வரைய, சொந்தமாக ஒரு மாயாவி பிறந்தான். அந்தக் குட்டிச்சாத்தானும் அவன் எதிரிகளான டாகினி, குட்டூசன், லுட்டாப்பி எல்லோரும் கேரளத்தில் இன்றும் வீட்டுப் பெயர்கள். வங்காளத்தில் நாராயண் தேப்நாத் 1965இல் 'பாண்ட்டுல் தி கிரேட்'டைப் படைத்தார். குண்டு நெஞ்சில் பட்டுத் தெறிக்கும், கால்கள் மெலிந்த, அரைக்கால் சட்டைப் பலசாலி. வரைந்தவர் பெயர் வங்காளப் பிள்ளைகளுக்கு நாயகன் பெயரளவுக்குத் தெரியும். இந்தியிலும் சூப்பர் ஹீரோ துருவா என்றால் அனுபம் சின்ஹா என்று வாசகன் சொல்வான். பெயர் அச்சான இடங்களில் நாயகன் வேர்விட்டிருக்கிறான் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. நம் பக்கத்திலும் விதை இருந்தது. வாண்டுமாமா சிறுவர் இதழ்களுக்காகச் சொந்தப் படக்கதைகளை எழுதிக் குவித்தார். எண்பதுகளில் திருச்சிக்காரரான பி. வரதராஜன் எழுதி அனுப்பிய அப்பாவி வேலைக்காரன்தான் பம்பாயின் 'டிங்கிள்' இதழில் சுப்பாண்டி ஆனான். இந்தியா முழுக்கச் சிரிக்கவைத்த தமிழ்ப் பாத்திரம், தமிழ்ப் பதிப்பகம் எதற்கும் சொந்தமில்லை.

கடைசி ஆட்சேபம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் மட்டும் யோக்கியர்களா? சீகலை ஏமாற்றியவர்கள்தானே சூப்பர்மேனை வளர்த்தார்கள், படைப்பாளிக்குப் பங்கு தராமலே நாயகன் வளர்வான் என்பதற்கு அதுவே சான்று ஆகாதா? பாதி உண்மை. சூப்பர்மேன் பட வேலை நடந்துகொண்டிருந்த 1975இல், ஊர் சிரித்த பிறகுதான், சீகலுக்கும் ஷஸ்டருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் பறித்த பெயரும் திரும்பக் கிடைத்தன. தன் ஓவியர் ஜாக் கிர்பியின் வாரிசுகளோடு மார்வெல் சமரசம் செய்துகொண்டது 2014இல். ஆனால் இந்த வழக்குகளின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அறுபதுகளில் மார்வெல் முதல் பக்கத்திலேயே எழுதியவர், வரைந்தவர், மை தீட்டியவர், எழுத்து வரைந்தவர் என எல்லோர் பெயரையும் போட்டது. வாசகன் ஓவியரைத் தேடி வாங்கினான். அந்த வாசகர்களின் கூச்சல்தான் பின்னால் நியாயத்துக்கு வழிவிட்டது. பெயர் முதலில் வந்தது, பணம் தாமதமாக வந்தது. நமக்குப் பெயரும் வரவில்லை, சண்டை போடுவதற்குச் சொந்த நாயகனும் இல்லை. இந்திய ஓவியர் ஜீவன் காங் உள்ளிட்டோர் சேர்ந்து 2004இல் உருவாக்கிய மும்பைச் சிலந்தி மனிதன் பவித்ர பிரபாகர், 2023இல் ஹாலிவுட் படத்தில் கைதட்டல் வாங்கினான். அவனும் மார்வெலின் சொத்து.

2023இல் வந்த 'மாவீரன்' படத்தின் நாயகன் ஒரு நாளிதழுக்குப் படக்கதை வரைகிறவன்; அவன் வரைந்ததை இன்னொருவன் பெயரில் போடுகிறார்கள். திரையரங்கில் அதைப் பார்த்து யாரும் இது நடக்குமா என்று கேட்கவில்லை. நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டுச் சட்டம் இதில் படைப்பாளியின் பக்கம் நிற்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, இதழில் சம்பளத்துக்கு வரைபவரின் படைப்பில்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இதழில் வெளியிடும் உரிமை மட்டுமே முதலாளிக்கு; பொம்மை, படம், தனிப்புத்தகம் உள்ளிட்ட மற்ற உரிமைகளின் முதல் சொந்தக்காரர் வரைந்தவர். வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவர் உரிமையை விற்றால், அது எழுத்துமூலம் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான் செல்லும். முழுவதையும் விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று பெயர் கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி அவரிடமே இருக்கும். சீகலுக்கு 1938இல் இப்படி ஒரு பாதுகாப்பு இருந்ததில்லை.

அதனால் திருப்பதியிலும் சித்தூரிலும் சென்னையிலும் படக்கதை வரைய உட்காரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: காசோலையை வாங்குவதற்கு முன் தாளைப் படியுங்கள், காலத்தையும் பங்கையும் எழுதிக் கேளுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கும் இதழில் படக்கதையின் முதல் கட்டத்தில் எழுதியவர், வரைந்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.